பிழை நாணயங்களைப் பரிசோதிக்க டெல்டாவில் ஓர் ஏற்பாடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கியில் 34 ஆண்டுகள் காசாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, கும்பகோணத்தில் வசித்து வருகிறேன். சில்லறை மூட்டைகளை எண்ணிப் பழகிய கை என்பதால், அச்சுப் பிசகிய நாணயம், அதாவது ‘பிழை நாணயம்’, எதுவும் கிடைத்தால் அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். சில ஆண்டுகளாக அப்படி வருவோர் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதற்குள் யாரிடமோ ஏமாந்துவிட்டு வருகிறார்கள் என்பதே என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் ஒன்றை அவிழ்த்து என் முன் வைத்தார். ஒரு பக்கத்தில் அசோகச் சிங்கங்கள் எப்போதும்போல் புடைப்பாக இருந்தன. மதிப்பைக் குறிக்கும் 5 என்ற எண் இருக்க வேண்டிய மறுபக்கத்திலோ, அதே சிங்கங்கள் இடம் வலமாக மாறி, உள்ளே குழிந்து பதிந்திருந்தன. நாணயச்சாலையில் அடித்து முடித்த நாணயம் அச்சிலிருந்து விழாமல் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்று வில்லையின் மீது அச்சுக்குப் பதிலாக அந்த நாணயமே பதிந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதைப் ‘புரோக்கேஜ்’ என்பார்கள். பொற்கொல்லர் ஒருவரின் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இந்த வகை நாணயத்துக்கு உரிய 6 கிராம் சரியாக இருந்தது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்திருந்தார். சிங்கத்தின் பிடரி முழுவதும் மெல்லிய கீறல்கள் ஓடின, நாணயத்துக்கு இயல்பாக இருக்க வேண்டிய மேற்பரப்பு போய்விட்டது. “பளபளன்னு இருந்தாத்தான் விலை போகும்னு போன்ல சொன்னாங்க சார்” என்றார். அப்படிச் சொன்னவரே மூன்று லட்சம் ரூபாய் தருவதாக ஆசை காட்டி, பதிவுக் கட்டணம் என்று முதலிலும் வரி என்று பிறகும் கேட்டு, அவருடைய தோடு அடகுக்குப் போகும் அளவுக்குப் பணத்தைக் கறந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவேயில்லை.

பழைய நாணயங்களை வாங்க விற்க உதவுவதாகச் சொல்லித் தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்றும், தனக்கு அத்தகைய வியாபாரத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் மாதமே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பூக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

அந்த அம்மாவின் நாணயம் உண்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் என் கருத்து போதாது. இரண்டு நாணயங்களைப் பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் கருவியில் வைத்து இறுக்கினாலும் இதேபோன்ற குழிந்த உருவம் விழும். அப்படி இறுக்கியதில், குழிந்த உருவத்துக்கு அடியில் பழைய எழுத்தின் மிச்சம் மங்கலாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் புடைப்பான இடங்கள் நசுங்கித் தட்டையாகியிருக்கும். இந்த வேறுபாடுகளைச் சாய்வான வெளிச்சத்தில், குறைந்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்துப் பழகிய கண்தான் கண்டுகொள்ளும்; கைபேசிப் படத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறமோ எடையோ மாறிய நாணயங்களுக்குக் காந்தமும் தராசும் ஓரளவு உதவும்: துருப்பிடிக்காத எஃகு 1 ரூபாய் காந்தத்தில் ஒட்டும், பழைய செம்பு–நிக்கல் 2 ரூபாய் ஒட்டாது. நகைக்கடைகளில் கேரட் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம், நாணயத்தைச் சுரண்டாமலே உலோகக் கலவையைக் காட்டிவிடும். ஆனால் அந்த உருவம் நாணயச்சாலையில் விழுந்ததா, பட்டறையில் விழுந்ததா என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது.

பிழையே இல்லாத நாணயங்களைப் பிழை என்று நம்பி வருகிறவர்களே அதிகம். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத்திலும், வைரக் குறி இருந்தால் மும்பையிலும், புள்ளி இருந்தால் நொய்டாவிலும் அடித்தது. குறி எதுவும் இல்லாதது கொல்கத்தா நாணயம். இந்தக் குறிகளில் அதிசயம் ஒன்றும் இல்லை. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 2012-ஆம் ஆண்டு நாணயங்களும், நம் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-இல் வந்த 5 ரூபாய் நாணயமும் அரசு முறைப்படி வெளியிட்ட நினைவு நாணயங்களே. ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய 2 ரூபாயைக்கூட ஒரு மாணவன் பிழை நாணயம் என்று நம்பிக் கொண்டுவந்தான்; அவன் முகம் வாடியதைப் பார்த்து நான்தான் வருத்தப்பட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் தரச்சான்று நிறுவனங்கள் பிழை நாணயங்களைப் பரிசோதித்து, வகையைக் குறித்து, மூடிய உறையில் இட்டுத் தருகின்றன. ஆனால் நான் பார்த்தவரை நம் ஊரில் பெரும்பாலான பிழை நாணயங்கள் சில நூறு ரூபாய்க்கே கைமாறுகின்றன. கடல் கடந்து அனுப்பும் செலவு அதைவிடப் பலமடங்கு ஆகும். வியாபாரியிடம் கேட்கலாம் என்றால், வாங்கப் போகிறவரே விலையும் சொல்வது எப்படி நியாயமாகும்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் கற்பிக்கிறார்கள். சோழர் காசையும் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட காசையும் படித்தறியும் அறிஞர்கள் இருக்கும் இந்த மண்ணில், அவர்களும் அனுபவமுள்ள சேகரிப்பாளர்களும் மாதம் ஒரு நாள் ஓரிடத்தில் அமர்ந்து, பொதுமக்கள் கொண்டுவரும் நாணயங்களைக் கட்டணமின்றிப் பார்த்து, “இது நாணயச்சாலைப் பிழை, இது பிறகு நேர்ந்த சேதம், இது சாதாரண நாணயம்” என்று கையெழுத்திட்ட ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். விலை சொல்ல வேண்டியதில்லை. அங்கே வாங்கல் விற்றலும் கூடாது. அதிகாரிகளிடம் காட்டினால் நாணயத்தைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயம் கிராமங்களில் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருள்களைப் பற்றியது, அவற்றை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். கடையில் மீதிச் சில்லறையாக வந்த காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைக்கலாம்.

அதுவரை, வித்தியாசமான நாணயம் வைத்திருப்போர் அதைப் புளியாலோ எலுமிச்சையாலோ தேய்க்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு ஈரம் கோத்துவிடாமல், உலர்ந்த காகித உறையில் இட்டு, கிடைத்த தேதியையும் இடத்தையும் உறை மேல் குறித்து வைத்தால் போதும். பரிசோதிப்பவருக்கு அது பெரிய உதவி. பூக்கார அம்மாவின் நாணயமும் இப்போது அப்படி ஓர் உறையில்தான் இருக்கிறது. இத்தகைய ஏற்பாடு எந்த ஊரில் தொடங்கினாலும், என் லென்ஸையும் தராசையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வரத் தயாராக இருக்கிறேன். அந்த அம்மாவையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்.