செம்மண் தடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

2015இல் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தை பைக்கில் முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். 2024இல் அதே பந்தயத்தில் உச்சப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவை வென்று, மொத்தத்தில் 11ஆம் இடம் பிடித்தவர் ஹரித் நோவா. இருவருமே மண் தடத்தில் தாவிப் பழகிய பிறகு பாலைவனத்துக்குப் போனவர்கள். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு தடம் அமைந்ததற்கு இந்த மடல்.

கருவேலங்காட்டுப் பொட்டலைக் கேட்டதும் தந்த செட்டியார் ஐயாவுக்கு முதல் வணக்கம்.

பொக்லைன் ஓட்டிய அண்ணன் வண்டி தாவும் மேட்டுக்கு மண்ணை ஒரேயடியாகக் குவிக்கவில்லை. அரையடி கொட்டி, நனைத்து, அழுத்தி, அடுத்த அரையடி போட்டார். இறங்குமிடத்தையும் சரிவாக்கிக் கொடுத்தார். அது சமதளமாக இருந்தால் சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி, அடி நேராக மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் போகும்.

தண்ணி லாரிக்காரர் முதல்நாள் மாலையே தெளித்துவிடுவார். காலையில் தெளித்தால் மேலே சேறு, கீழே புழுதி. வளைவில் வண்டி வழுக்கும்.

அதிகம் கடன்பட்டிருப்பது பட்டறை மெக்கானிக்குக்குத்தான். நம்ம செம்மண் தூசி மாவுபோல நைசு. ஏர் ஃபில்டரில் சின்ன இடுக்கு கிடைத்தாலும் உள்ளே புகுந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும், அப்புறம் புகைதான். ஓட்டம் முடிந்த அன்றே ஃபோம் ஃபில்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவுவார். முறுக்க மாட்டார், அமுக்கித்தான் பிழிவார். பெட்ரோல் பக்கம் போகவே மாட்டார். ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். நிழலில் முழுதாகக் காய்ந்ததும் ஃபில்டர் ஆயில் ஊறவிட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுவார். இத்தனைக்கும் அவர் வாங்கியது டீக்காசு.

டயரில் காற்றழுத்தம் 12 முதல் 14 பிஎஸ்ஐ போதும் என்றபோது பஞ்சர் கடைத் தம்பி நம்பவேயில்லை. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், ஆனால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்க்கும். அதற்குத்தான் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக். அதையும் அவரே பூட்டிக் கொடுத்தார்.

விழுந்தவரின் ஹெல்மெட்டை உருவக்கூடாது, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும் என்று கொடி பிடிப்பவர்களுக்குச் சொல்லித் தந்த செவிலியர் அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக, காலை ஒன்பது மணிவரை மந்தையை மேற்குப் பக்கமே மேய்க்கும் ஆட்டுக்காரப் பெரியவருக்கு. ஒன்பதுக்கு மேல் ஒரு வண்டியும் ஓடாது ஐயா, தாராளமாக ஓட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
மண் தட ஓட்டிகள், காரைக்குடி