உறுதிமொழி காதில் விழுகிற மண்டபம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு சிட்னியில் எங்கள் கவுன்சில், குடியுரிமை வழங்கும் நிகழ்வை இனி எங்கே நடத்தலாம் என்று ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நகர மண்டபத்தில் திருத்த வேலை நடப்பதால் இரண்டு வருடமாக ஒரு கிளப்பின் மாடியில்தான் நடக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் போதும், இடம் எதுவானால் என்ன என்று நம் ஆட்கள் பேசாமல் இருந்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் அம்மாவுக்கு அங்கேதான் நடந்தது. வயது 78. அறுபது தாண்டியவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வு கிடையாது, ஆனால் உறுதிமொழி சொல்ல வேண்டும். ஆங்கிலம் அதிகம் வராது என்பதால் ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தியைப் பக்கத்தில் இருத்திப் பழகினார். ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன், அவர்களுடைய உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், சட்டங்களுக்குக் கட்டுப்படுவேன் என்று போகிற சில வரிகள்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தார். கடவுள் பெயர் உள்ள வடிவம், இல்லாத வடிவம் என்று இரண்டு இருக்கிறது. அம்மா எதை எடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை, தினமும் சாமி கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறவர்.

அன்று பட்டுச்சேலையோடு போனோம். கிளப்புக்குள் போகிற விருந்தாளிகள் வாசலில் அடையாள அட்டை காட்டிப் பதிய வேண்டும், அதற்கே நீண்ட வரிசை, அப்புறம் மது விற்கும் பக்கமாக நடந்து, போக்கி என்கிற சூதாட்ட மெஷின்கள் சத்தம் போடுகிற அறையைத் தாண்டித்தான் லிஃப்ட். எங்களுக்கு முன்னால் ஹிஜாப் அணிந்த ஒரு தாய் இரண்டு பிள்ளைகளின் கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் போனார். அவருக்கும் அது வாழ்க்கையில் ஒரு முறை வருகிற நாள். ஆளுக்கு இரண்டு விருந்தாளிகள்தான் என்று சொல்லிவிட்டதால் என் தம்பி கீழே காருக்குள்ளேயே இருந்தான். மாடியில் தாழ்ந்த கூரை, நடுவில் மடக்குத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வீட்டு விருந்து. மேயர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆனால் பின்வரிசைக்கு ஒலிபெருக்கி எட்டவே இல்லை. வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, நான் சொன்னது சரிதானே பிள்ளை?" என்று கேட்டார். வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

இதைச் சின்ன விஷயம் என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்ததும் ஒருவர் குடிமகன் ஆகிவிடுவதில்லை, உறுதிமொழி சொல்கிற அன்றுதான் ஆகிறார். அதே அன்று கையைவிட்டுப் போவதும் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்கள் முன்கூட்டியே இரட்டைக் குடியுரிமைக்கு அனுமதி வாங்கவில்லை என்றால் பிறந்த நாட்டின் குடியுரிமை போய்விடும், இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கோ அந்த வழியே இல்லை, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குள் காலெடுத்து வைக்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு அமைதியான ஒரு இடம் கேட்பது அதிகமா?

இந்த நாட்டின் முதல் குடியுரிமை நிகழ்வு 1949 பெப்ரவரி 3 அன்று கன்பராவின் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது, ஏழு நாடுகளிலிருந்து வந்த ஏழு பேர் குடிமக்களானார்கள். ஊர் கூடுகிற பொது மண்டபம் அது. இப்போது ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26-இல் நடத்தலாமா கூடாதா என்று தேதியைப் பற்றித்தான் நாடு முழுக்கப் பேச்சு. அந்த நாளில் நடத்த மாட்டோம் என்று முடிவெடுத்ததற்காக 2017-இல் மெல்பேர்னில் யாரா, டேரபின் என்ற இரண்டு கவுன்சில்களிடமிருந்து நிகழ்வு நடத்தும் உரிமையையே மத்திய அரசு பறித்தது. அந்த விவாதம் வேண்டியதுதான். இடத்தைப் பற்றியும் அதில் கால்வாசியாவது பேசலாம். விதிப்படி தேசியக் கொடி, அரசு இலச்சினை, மன்னரின் படம் மூன்றும் இருக்க வேண்டும், சரி, அவற்றை எந்த அறையிலும் வைத்துவிட முடிகிறது, அதனால் எந்த அறையும் போதும் என்று ஆகிவிட்டது.

என் யோசனை இது. நகர மண்டபம் திறக்கும்வரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளி மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் கேளுங்கள். மேடை, நல்ல ஒலிபெருக்கி, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை எல்லாம் அங்கே இருக்கிறது, சனிக்கிழமை வாகனத் தரிப்பிடமும் காலியாகத்தான் கிடக்கிறது. வேலை நாளில் பத்து மணிக்கு வைத்தால் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார்கள், அதுவும் மிச்சமாகும். எல்லாவற்றையும்விட, குடியுரிமை வாங்குகிறவர்களில் பலருடைய பிள்ளைகள் படிப்பது அந்தப் பள்ளியில்தான். செலவு என்று கவுன்சில் சொல்லக்கூடும், ஆனால் கிளப்புக்கும் இப்போது வாடகை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

இந்த மாதக் கடைசிவரை கருத்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைத்துத் தமிழ் என்று சொன்னால் கவுன்சிலோடு இணைத்துப் பேச வைப்பார்கள். அம்மாவுக்காக நான் அந்த எண்ணை அழைத்துக் கொடுத்தேன். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு சிட்னி