அவசர வழிக் கதவில் பூட்டு எதற்கு? வணிக வளாக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கடைகளையும் வணிக வளாகங்களையும் நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் அவசர வழிக் கதவுகள் பலவற்றில் சங்கிலியோ பூட்டோ தொங்குவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல என்பதைத் தீ பாதுகாப்புச் சாதனங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் நான் அறிவேன். துணியை அள்ளிக்கொண்டு யாரேனும் பின்வழியாக இறங்கிவிடுவார்கள் என்ற அச்சமே முதற்காரணம். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டிக் கிடந்ததற்கும் இதே அச்சத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்; அந்தத் தீயில் 146 பேர் இறந்தனர்.

அவசர வழிக் கதவு சாவியின்றித் திறக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கதவருகே சிவப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் சாவியை மாட்டி வைப்பது இதற்கு ஈடாகாது. புகையில் கண் எரிய, பின்னால் கூட்டம் நெருக்க, அந்தச் சாவியைத் துவாரத்தில் நுழைப்பவர் யார்?

திருட்டு அச்சத்துக்கு விடை, அலாரத்துடன் கூடிய பேனிக் பார். கதவின் குறுக்கே உள்ள கம்பியை இடுப்பால் தள்ளினாலும் தாழ் விலகிவிடும். அதே நொடியில் அலாரம் அலறும். வெளிப்புறம் கைப்பிடி இல்லாமல் பொருத்தினால் வெளியிலிருந்து எவரும் நுழைய முடியாது. கட்டடத்தை அறியாத பொதுமக்கள் கூடும் தளங்களுக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 1125-இன்படி அமைந்த குறுக்குக் கம்பி வகையையே கேளுங்கள். இஎன் 179 வகை, வழி பழகிய ஊழியர்கள் மட்டும் இருக்கும் இடங்களுக்கானது. தீ தடுப்புக் கதவென்றால் சாதனமும் அதற்கெனச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தாழை உள்ளிழுத்தே நிறுத்தி வைக்கும் வசதி அதில் இருக்கக் கூடாது.

மின்காந்தப் பூட்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மின்சாரம் நின்றால் தானாகத் திறந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டை யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால், தெருவே இருண்டாலும் கதவு அசையாது. தீ அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து சமிக்ஞை வந்த மறுகணமே பூட்டுக்குச் செல்லும் மின்சாரம் அறும்படி இணைத்து, உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தள்ளிய பின் 15 விநாடி கழித்துத் திறக்கும் தாமதப் பூட்டுகளை அமெரிக்க விதிகள் சில கட்டடங்களில், அதுவும் தானியங்கித் தீ கண்டறியும் அமைப்போ தீயில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரோ முழுமையாக இருந்தால் மட்டுமே, ஏற்கின்றன. தீபாவளிக் கூட்டம் முட்டும் மாடிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலாரத்தை நிறுத்தும் சாவி கதவிலேயே இருக்கட்டும். மேலாளர் அறையிலிருந்தே நிறுத்த முடிந்தால் எவரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. தேநீர் இடைவேளைக்கு ஊழியர்கள் அதே கதவைப் பயன்படுத்தினால், ஒரு வாரத்தில் யாரோ பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள் (அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, காது அவர்களுடையது). அவர்களுக்கு வேறு வழி ஒதுக்குங்கள். பேட்டரி குறைந்தால் ஒலி எழுப்பும் சாதனமாகத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள்.

சாதனங்கள் வந்து சேரும்வரை, கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் பூட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு காவலரை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீ பாதுகாப்புப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்