பழகாமல் வாசித்த ஷோப்பான்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இத்துடன் ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறேன், ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஈ மைனர் பிரெலூட் என்கிற சின்னப் பியானோ பீஸ், ஓபஸ் 28 என்கிற அவருடைய தொகுப்பில் நாலாவது. வார்சாவில் ஹோலி கிராஸ் சர்ச்சுக்குப் போனேன், அங்கே ஒரு தூணுக்குள் அவருடைய இதயம் இருக்கிறது, மேலே மத்தேயு 6:21 வசனம் பொறித்திருக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னாயே, அன்றைக்கே இதை வாசித்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது. உடலைப் பாரிஸில் அடக்கம் பண்ணிவிட்டு இதயத்தை மட்டும் அவருடைய அக்கா லுட்விகா ஊருக்குக் கொண்டுவந்தார் என்று முன்பே படித்திருக்கிறேன். ஆனால் என் மகள் அந்தத் தூணுக்கு முன்னால் நின்றாள் என்று கேட்பது வேறு.

ஒரு வாரம் பழகிவிட்டு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். நோட்டை எடுத்து வைத்தேன், போனில் ரெக்கார்டை அமுக்கினேன், வாசித்தேன். பழகப் பழக விரல் தானாகப் போக ஆரம்பித்துவிடும், காதுக்கு வேலை குறைந்துவிடும். மற்ற பீஸுக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது, ஏனென்றால் இதில் எல்லாமே கேட்பதில்தான் இருக்கிறது.

ஒரே பக்கம், 25 பார், அதாவது தாளக் கட்டம். வலது கையில் பெரிதாக ஒன்றும் கிடையாது, பி என்கிற சுரத்தை நீளமாகப் பிடிக்க வேண்டும், சி-யைத் தொட வேண்டும், திரும்பவும் பி. கிரேடு இரண்டு பிள்ளைகூட அதை வாசித்துவிடும். இடது கையில் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்குகிற கார்டு, ஒரு பாருக்கு எட்டுத் தடவை, விடாமல். அதைக் கொஞ்ச நேரம் கவனித்துக் கேள். கார்டு மாறும்போது பெரும்பாலும் மூன்று விரலும் மாறாது, ஒரு விரல் மட்டும் அரை சுரம் கீழே இறங்கும், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், அடுத்த தடவை வேறொரு விரல் இறங்கும். எந்த விரல் இப்போது இறங்கியது என்று ஒவ்வொரு முறையும் காது தேடிக்கொண்டே இருந்தால்தான் இந்த பீஸ் உயிரோடு இருக்கும். அந்தத் தேடல் இந்த ரெக்கார்டிங்கில் இருக்கிறது, அதனால்தான் இதையே அனுப்புகிறேன்.

இன்னொன்று. நான் இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சர்ச்சில் ஆர்கன்தான் வாசிக்கிறேன். ஆர்கனில் ஒரு கட்டையைப் பிடித்தால் விரலை எடுக்கிறவரை ஒலி அப்படியே நிற்கும். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டின நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும், நாம் ஒன்றும் பண்ண முடியாது. மேலே அந்த பி தேய்ந்துகொண்டே போகிறது, கீழே கார்டு தட்டிக்கொண்டே இருக்கிறது, தேய்கிற அந்த ஒலியை மூடிவிடாத அளவுக்கு இடது கையை அடக்க வேண்டும். இந்த பீஸின் கஷ்டம் முழுவதும் அங்கேதான். 1849 அக்டோபர் 30-ஆம் தேதி பாரிஸில் மாதலேன் தேவாலயத்தில் ஷோப்பானின் அடக்க ஆராதனை நடந்தபோது இதே பிரெலூட்டை ஆர்கனில்தான் வாசித்தார்கள். தேயாத பி-யோடு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஒரு நாள் நம் சர்ச்சில் யாரும் வருவதற்கு முன்னால் ஆர்கனில் வாசித்தும் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் துக்கம் போய்விட்டது.

சரி, ரெக்கார்டிங்கைப் பற்றி. தலைப்பில் லார்கோ, அதாவது மிக மெதுவாக, என்று போட்டிருந்தாலும் தாளக்குறி பாருக்கு இரண்டு அடிதான், நாலாக எண்ணினால் இழுத்துவிடும். முதல் நாலு பாரில் நான் நாலாக எண்ணுகிறேன், உனக்கே தெரியும், அஞ்சாவதிலிருந்து சரியாகப் போகிறது. நடுவில், பாட்டு மறுபடி ஆரம்பத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்னச் சுழிப்பு வருமே, அது எனக்குப் பிடித்த மாதிரியே வந்திருக்கிறது. ஸ்ட்ரெட்டோ என்று போட்டிருக்கிற இடத்தில் வேகம் எடுத்து, இடது கை கீழே தாவும்போது பக்கத்துக் கட்டையும் சேர்ந்து விழுந்திருக்கிறது. நிறுத்தாமல் போய்விட்டேன். அந்த வேகத்தில் நிறுத்துவதுதான் தப்பு.

கடைசியில் மூன்று கார்டுக்கு முன்னால் ஒரு ஓய்வு இருக்கிறது, மேலே ஃபெர்மாட்டா, நீட்டிப் பிடிக்கச் சொல்கிற குறி, போட்டு. அங்கே கீழ்வீட்டு போர் மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கும். அதை வெட்டி எடுக்கச் சொல்லி அம்மா சொன்னாள், நான் சம்மதிக்கவில்லை. சத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற ஆப்புக்கு மோட்டாரும் தேய்கிற பியானோ ஒலியும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். அதே பயத்தில்தான் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போடாமல் டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறேன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதே, இடது கை பாதி காணாமல் போய்விடும். ஹெட்போன் போட்டுக் கேள்.

பியானோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரெண்டு மழையும் பெய்கிற ஊரில் மரம் ஈரம் குடிக்காமல் இருக்குமா, நடு டி கட்டை மறுபடியும் ஒட்ட ஆரம்பித்தது. கீழ்ப்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சூட்டுக்காகப் போட்டிருந்த பல்ப் எரிந்து போயிருந்தது. புதுசு மாட்டிவிட்டேன், இப்போது டி எழும்புகிறது. ட்யூனர் மழை விட்டதும் வருகிறேன் என்றிருக்கிறார். ஷோப்பான் இந்த 24 பிரெலூட்டையும் மயோர்க்கா தீவில் எழுதி முடித்தபோது, இருமலோடும் மழைக்கால ஈரத்தோடும், ஏதோ ஒரு சுமாரான உள்ளூர் பியானோவை வைத்துக்கொண்டுதான் வெகுநாள் ஓட்டினார். பாரிஸிலிருந்து அனுப்பிய ப்ளேயல் கம்பெனி பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு 1839 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. நம் பியானோவில் உட்காரும்போது இது எனக்குப் பெரிய தைரியம் தருகிறது.

உன் ஹாஸ்டலில் கீழ்த்தளத்தில் ஒரு பியானோ கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை என்றாயே. நீயும் ஒன்று வாசித்து அனுப்பு மக்களே. பழகாதே, உட்கார்ந்து வாசி, போனைப் பியானோமேல் வைக்காமல் நாலடி தள்ளி ஒரு ஸ்டூலில் வை. ஏழாவது பிரெலூட் போதும், ஏ மேஜர், 16 பார்தான், உனக்கு மனப்பாடமாக இருந்தது. அதில் வருகிற அகலமான கார்டு கைக்கு எட்டாமல் எப்போதும் உடைத்து உடைத்துத்தான் வாசிப்பாய். இப்போது எட்டுகிறதா என்று எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா