சந்திப்பு உயர்மாடிக் கட்டடம்: உயரம் இருக்கட்டும், அடிப்பகுதியைத் திருத்தி வாங்குங்கள்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
திருநெல்வேலி மாநகராட்சி.

அனுப்புநர்:
சந்திப்பு, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை பகுதிகளில் குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும்.

பொருள்: மதுரை ரோட்டில் பழைய வணிக வளாகத்தை இடித்துவிட்டுக் கட்டவிருக்கும் உயர்மாடிக் கட்டடத்தின் வரைபடத்தைத் திருத்தி வாங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஜங்ஷனில் பழைய கடைகளும் லாட்ஜும் இருக்கிற வளாகத்தை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் வரப்போகிறது என்பது ஊருக்கே தெரிந்த சேதி. அதன் வரைபடத்தை எங்களில் சிலர் உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்தோம். இடிப்பதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் கிடையாது, மழைக்காலத்தில் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும் அதன் லட்சணம். உயரத்தையும் நாங்கள் குறை சொல்லவில்லை. 18.30 மீட்டரைத் தாண்டினாலே உயர்மாடிக் கட்டடம் என்கிறது விதி, கட்டப்போகிற இவர்கள் அதைப்போல மூன்று மடங்கு போகிறார்கள், போகட்டும். தரையை ஒட்டிய முதல் நான்கு மாடியும் தரைக்குக் கீழே இறங்கும் இரண்டு தளமும்தான் எங்கள் கவலை. ரோட்டில் நடக்கிறவனுக்குக் கட்டடம் என்றால் அவ்வளவுதான், மேலே மொட்டை மாடியில் நீச்சல்குளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

முதலில் தண்ணீர். வரைபடப்படி இரண்டு பேஸ்மென்ட். அதில் அடியில் இருக்கிற தளத்தில்தான் மின்சார அறை, ஜெனரேட்டர், தீயணைப்புப் பம்பு, லிஃப்ட் சாமான்கள் எல்லாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே ஜங்ஷன் எப்படி இருந்தது என்று உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் வெள்ளம், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைச் சுற்றி வெள்ளம். மீனாட்சிபுரத்தில் ஒரு கடையின் ஷட்டரை வெளிப்பக்கம் இரண்டு முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது, உள்பக்கம் இன்னும் இடுப்புக்கு மேலே சேற்றுக் கோடு அப்படியே நிற்கிறது. அது ஏதோ நூறு வருஷத்துக்கு ஒருமுறை வந்தது என்று விட்டுவிடவும் முடியாது, 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிலேயே பலர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தாமிரபரணி, இந்தப் பக்கம் நெல்லைக் கால்வாயும் நயினார்குளமும். ஆறு ஏறி நிற்கும்போது ஊருக்குள் பெய்த தண்ணீருக்கு வடிய வழி இருக்காது, பள்ளமான இடம் எதுவோ அங்கே போய்த் தேங்கும். இனிமேல் அந்தப் பள்ளம் இந்த பேஸ்மென்ட்தான்.

இதில் எங்களுக்கு விளங்காத விஷயம், காருக்குப் போகிற சரிவுப் பாதை ரோட்டு மட்டத்திலிருந்தே நேராகக் கீழே இறங்குகிறது, வாசலில் ஒரு மேடு கூடக் காட்டவில்லை. தண்ணீர் உள்ளே போனால் இறைப்பதற்குப் பம்பு வைத்திருக்கிறோம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். சரி, அந்தப் பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டரும் அதே குழிக்குள் அல்லவா இருக்கிறது? மாடியில் இருநூறு குடும்பம் லிஃப்டும் இல்லாமல் குடிதண்ணீரும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் படகில் போய் இட்லிப் பொட்டலம் கொடுக்கப்போவது மாநகராட்சி ஊழியர்கள்தான். இரண்டாவது பேஸ்மென்ட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். சரிவுப் பாதை 2023-இல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஏறி அப்புறம் இறங்கட்டும், மின்சார அறையும் தீயணைப்புப் பம்பும் முதல் மாடிக்கு வரட்டும். வாடகைக்கு விடுகிற இடம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அடுத்து ரோட்டைப் பார்த்த முகப்பு. பேஸ்மென்ட் போதாது என்று தரைக்கு மேலேயும் நான்கு மாடி கார் நிறுத்தத்துக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். மதுரை ரோட்டில் நடந்து போகிறவர்கள் பார்க்கப்போவது ஒரு தெரு நீளத்துக்கு சிமென்ட் ஜாலி, நடுவில் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் செக்யூரிட்டி கூண்டு, அவ்வளவுதான். இப்போது இருக்கிற பழைய கட்டடத்துக்கு அழகு இல்லை என்பது உண்மை, ஆனால் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தகரச் சாய்ப்பு அத்தனை கடைக்கும் ஒரே சீராக ஓடுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த கிழவிகள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லாரும் அந்த நிழலில்தான் ஒண்டுகிறார்கள். ஓரத்தில் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டு ஒரு அக்கா, அவருக்குப் பக்கத்தில் கோடையில் நுங்கு, மற்ற நாளில் கொய்யா. புது வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் 'கார் இறக்கிவிடும் இடம்'.

1973-இல் இதே ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலம் திறந்தார்கள். பெரிய வண்டிகளுக்கு மேலே ஒரு அடுக்கு, சைக்கிளுக்கும் சிறு வண்டிக்கும் கீழே ஒரு அடுக்கு என்று யோசித்துக் கட்டினார்கள். அன்றைக்கு சைக்கிள்காரனுக்குக் கொடுத்த மரியாதையை இன்றைக்கு நடக்கிறவனுக்குக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை என்று தெரியவில்லை. தரைத்தளம் முழுக்க ரோட்டைப் பார்த்த சிறு கடைகளாக இருக்க வேண்டும், கார்கள் அதற்குப் பின்னால் நிற்கட்டும். முகப்பு நெடுகப் பத்தடி அகலத்துக்கு நிழல் தருகிற தாழ்வாரம் வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது, அந்தச் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவைக் கூட்டி அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று ஜேசிபியோடு வருவதற்கு அது எவ்வளவோ மேல்.

வெயிலும் காற்றும் இன்னொரு தலைவலி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு எட்டே முக்கால் டிகிரி அளவுக்குத்தான் வடக்கே இருக்கிறது. சித்திரையை ஒட்டி ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். இப்படிப்பட்ட ஊரில் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒரு சின்ன சன்ஷேடு போட்டே காப்பாற்றிவிடலாம், கிழக்கும் மேற்கும்தான் வேகும். இவர்களோ கட்டடத்தின் நீளமான பக்கத்தை மேற்கே பார்த்து வைத்து, அதை முழுக்கக் கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். துபாயில் வரைந்த படமோ என்னவோ. உள்ளே இருப்பவர்கள் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருப்பார்கள், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அதன் அனல் முழுக்கப் பின்பக்கம் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு.

அப்புறம் ஆனி ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற மேல்காற்று. அது இந்த அகலமான சுவரில் மோதினால் பாதி கீழே இறங்கித் தெருவுக்குள்தான் பாயும், புழுதியும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து. வெயில், காற்று இரண்டுக்கும் ஒரே வழி போதும். அடியில் கடைகள் ரோட்டைப் பார்த்தே இருக்கட்டும், மேலே எழும்புகிற கோபுரத்தை மட்டும் திருப்பி அதன் குறுகிய பக்கம் மேற்கே வரும்படி செய்யட்டும். மனையில் அதற்குத் தேவையான ஆழம் இருக்கிறது, அளந்து பார்த்துத்தான் சொல்கிறோம்.

போக்குவரத்தைப் பற்றி நீட்டவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வருகிற கூட்டம் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்திலும் அதை ஒட்டி வந்த புதுப் பாலத்திலும் ஏறி இங்கேதான் வந்து முட்டுகிறது. உள்ளே நுழைவதும் வெளியே வருவதும் ஒரே வாயில், அதுவும் பஸ் திரும்புகிற இடத்தில் என்றால் அதை யாரும் ஒத்துக்கொள்ளக் கூடாது. தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வருவதாகக் காட்டியிருக்கும் பாதையிலேயே டிரான்ஸ்ஃபார்மரையும் வரைந்திருக்கிறார்கள், அதையும் ஒரு கண் பாருங்கள்.

திறந்தவெளி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்தில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கு விட வேண்டும், 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டியும் கழித்துக்கொள்ளலாம். இந்த மனை அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அந்த இடம் ரோட்டு ஓரத்தில், மதில் இல்லாமல், இரண்டு வேப்ப மரமும் உட்கார ஒரு திண்ணையும் வைக்கிற மாதிரி வேண்டும்.

உயர்மாடிக்கு அனுமதி தருவது நகர ஊரமைப்பு இயக்ககம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் சாலை, மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை இணைப்பு மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன, உங்கள் குறிப்பு இல்லாமல் கோப்பு நகராது. ஆகவே மேலே சொன்ன மாற்றங்களோடு புது வரைபடம் வரும்வரை பரிந்துரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும், அந்த வரைபடத்தைத் தமிழ்க் குறிப்புகளோடு மண்டல அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்கச் சொன்னால் வருகிறோம், காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் கடைக்காரர்களுக்கும் வசதி.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள பொதுமக்கள்
திருநெல்வேலி சந்திப்பு

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், நாங்கள் குறித்துக் கொடுத்த வரைபட நகல்