காசைப் புளி போட்டு விளக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க்காலங்களில் அச்சடித்த பழங்காசுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தக் காசு என்ன விலைக்கு ஏலம் போனது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதழ் வந்த நாலாம் நாள், எங்கள் தோட்டத்தில் மிளகு பறிக்க வரும் பையன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்து நீட்டினான். "ஐயா, இது எவ்வளவுக்குப் போகும்?" புத்தகத்தில் பார்த்தானாம். காசு தகதகவென்று மின்னியது. அவன் அம்மா புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கை விளக்குவதுபோல விளக்கிக் கொடுத்திருக்கிறார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். யானையின் முதுகும் தும்பிக்கையின் வளைவும் தெரிந்தன. திப்பு சுல்தான் காசு. எழுத்தும் எண்ணும் இருந்த இடம் வழவழவென்று மழுங்கிக் கிடந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வத்தலக்குண்டுப் பக்கம் அவன் மாமா வீட்டில் அஸ்திவார வாணம் தோண்டியபோது பத்துப் பதினைந்து காசு ஒரு கலயத்தில் இருந்ததாம். மற்றதையெல்லாம் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் சொல்கிறேன். திப்பு தன் ஆட்சியின் நடுவில் மவுலூதி என்ற புது ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1218 என்ற ஆண்டு காசில் 8121 போலத் தெரியும். அது நம் கணக்குக்கு 1790-ஐ ஒட்டிய ஆண்டு. 1790 ஆகஸ்டில்தான் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, படை அனுப்பித் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல் சீமை கும்பினி கைக்குப் போனது. அந்தக் கலயத்துக் காசுகளில் கடைசி ஆண்டு எது என்று பார்த்திருந்தால், மலையடிவாரத்தில் ஒரு குடியானவர் எப்போது, எந்தப் படைக்குப் பயந்து தன் சேமிப்பைப் புதைத்தார் என்று ஓரளவு கணித்திருக்கலாம். ஒற்றைக் காசு அதைச் சொல்லாது. சேர்ந்து இருந்தால்தான் சொல்லும்.

ரோமானியக் காசுகளும் அப்படித்தான். எங்கள் மலைக்கு மேற்கே உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் பெயரில் வெளியானவை. நம் பக்கம் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசின் பின்புறத்தில், அவர் பேரன்கள் காயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். அது அச்சானது லுக்டூனம், இன்றைய பிரான்சின் லியோன் நகரம். அந்தப் பட்டறைக்குக் காவலாகவே ஒரு படைப்பிரிவு நின்றது. ரைன் ஆற்றங்கரைப் படைகளுக்குச் சம்பளம் போன வழியும் அதுதான். சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 225 தினாரியஸ், அதாவது இந்த வெள்ளிக் காசு 225. அந்த வெள்ளி நம் மிளகுக்கு விலையாகக் கடல் கடந்து வந்திருக்கிறது. மிளகுக்கொடியை நம்பிப் பிழைக்கிற எனக்கு அந்த எண்ணமே சிலிர்ப்பு.

கி.பி. 64-இல் பின்னால் வந்த பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 என்று அடித்தது 96 ஆயிற்று. தென்னிந்தியக் குவியல்களில் நீரோவுக்கு முந்தைய நல்ல வெள்ளியே மேலோங்கி நிற்கிறது. நம் வணிகர் மாற்றுப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான். குவியலைப் பிரித்து நாலு பேருக்கு விற்றிருந்தால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

போர் வந்தால் காசின் உடம்பு இளைத்துவிடும். ஆக்டியம் கடற்போருக்கு முன், கி.மு. 32-31-இல், ரோமத் தளபதி மார்க் ஆன்டனி தன் படைகளுக்குக் கூலி கொடுக்க ஒரு பக்கம் போர்க்கப்பலும் மறுபக்கம் கழுகுக் கொடியும் படையணியின் எண்ணும் பொறித்து அடித்தார். மட்டமான வெள்ளி. நல்ல காசை ஜனங்கள் பதுக்கி வைத்துக்கொண்டு இதையே கைமாற்றினார்கள். 200 ஆண்டுக்கு மேல் தேய்ந்து தேய்ந்து புழங்கியது. இரண்டாம் உலகப்போரில் நம் பாட்டிமார் கையில் புழங்கிய ஓட்டைக் காலணாவும் இதே கதைதான். 1943-இல் வந்தது. செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை. பழைய காலணா 75 கிரெயின் எடை, இது 30. வெள்ளி ரூபாயிலும் 1940-இல் பாதி வெள்ளி, பாதி வேறு உலோகம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நானும் பத்து வயதில் ஒரு காசைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பாழாக்கியவன். சொல்லித்தர அன்று யாரும் இல்லை. உங்கள் இதழ் சொல்லலாம். விலை போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் இதையும் போடுங்கள்: களிம்பைச் சுரண்டாதீர்கள். புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் வேண்டாம். கிடைத்த ஊர், நிலம், ஆழம், கூட இருந்த பானை ஓடு உட்பட எழுதி வையுங்கள். ஒன்றைக்கூடப் பிரிக்காதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கண்டெடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். அது தவறு. அரசு எடுத்துக்கொண்டால் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

அந்தப் பாத்திரக் கடைக்கு மறுநாளே பையனோடு போனேன். மூட்டை உருக்கப் போய்விட்டது. மிஞ்சிய ஒரு காசைக் காகித உறையில் போட்டு, அவனையே எழுதச் சொன்னேன். மாமா ஊர், வீட்டின் வடகிழக்கு மூலை, "முழங்கால் ஆழம்" என்று எழுதியிருக்கிறான். வரும் திங்கட்கிழமை அவன் மாமாவையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு காப்பித் தோட்டக்காரர்,
தாண்டிக்குடி, கீழ்ப்பழனி மலை.