லேண்ட் குரூசரின் உயிர் வி8 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டொயோட்டா லேண்ட் குரூசர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2021-இல் வந்த 300 வரிசையில் வி8 எஞ்சினை (வி வடிவில் எட்டு சிலிண்டர்) எடுத்துவிட்டார்கள், அதோடு வண்டியின் உயிரும் போய்விட்டது என்று முடித்திருந்தீர்கள். டீசல் பம்ப் வேலையே பிழைப்பாக இருந்த என்னால் இதை ஏற்க முடியவில்லை.

அந்த வண்டிக்குள் வி8 வந்ததே 1998-இல், 100 வரிசையில்தான். 4.7 லிட்டர் பெட்ரோல். அதற்கு முன் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, பெரிய மாடல்களை இழுத்தது நேர்வரிசை ஆறு சிலிண்டர். 1951-இல் ஃபியூஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏறிக் காட்டிய, லேண்ட் குரூசரின் முன்னோடியான பிஜே வண்டியில் இருந்ததும் 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான். லாரியிலிருந்து எடுத்துப் போட்டது.

வலுவும் குறைந்துவிடவில்லை. 300-க்கு முந்தைய 200 வரிசையின் 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் 381 குதிரைத்திறன், இழுவை (டார்க்) 544 நியூட்டன் மீட்டர். இப்போதுள்ள 3.5 லிட்டர் இரட்டை டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி) வி6, 409 குதிரைத்திறனும் 650 நியூட்டன் மீட்டரும் தருகிறது. டீசலிலும் 4.5 லிட்டர் வி8-இன் 650, 3.3 லிட்டர் வி6-இல் 700 ஆகியிருக்கிறது. சிசியை வைத்து வலுவை அளந்தது டர்போ இல்லாத காலத்தில்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. உங்கள் கட்டுரையின் எஞ்சின் பட்டியலில் 1எச்இசட் என்ற டீசல் எஞ்சின் பெயருக்குக்கூட இல்லை. 1990-இல் 80 வரிசையோடு வந்தது. 4,164 சிசி, ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. சுமார் 130 குதிரைத்திறன்தான். மேட்டில் சுமையோடு ஏறும்போது பொறுமை வேண்டும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குத் தேவை டீசலும் காற்றும், பம்பில் டீசலைத் திறந்து மூடும் சோலினாய்டுக்கு (மின்சார அடைப்பான்) ஒரே ஒரு மின்கம்பியும். எரிபொருளை அளந்து அனுப்புவது முழுக்க இயந்திர பம்ப். பம்ப் தெரிந்த மெக்கானிக் கையில் ஸ்பேனர் செட்டும் டீசல் தெளிப்பைச் சோதிக்கும் பழைய நாசில் டெஸ்டரும் இருந்தால் பெரும்பாலான கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். கம்ப்யூட்டர் டீசலை அளந்து தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டுகிறது. இன்ஜெக்டருக்குள் இடைவெளி மைக்ரான் கணக்கு. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தாலே செலவு எங்கேயோ போய் நிற்கும். கந்தகம் மிகுந்த டீசல் விற்கும் நாடுகளில் புகை வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவில் மருந்தும் தானியமும் கொண்டுபோகும் ஐ.நா., செஞ்சிலுவைச் சங்க அமைப்புகள் லேண்ட் குரூசரின் கடின வேலைக்கான 70 வரிசையில் 1எச்இசட் எஞ்சினைத் தேடிப்போனது இதனால்தான். அங்கே வண்டி நின்றுவிட்டால் இழுத்து வர இன்னொரு வண்டி கிடைக்காது. ஜிப்ரால்டரிலிருந்து உதவி அமைப்புகளுக்கென்றே இவற்றை அனுப்பும் டொயோட்டா விநியோக நிறுவனம் ஒன்று இயங்குகிறது.

புகை விதிகள் இறுகிய இடங்களில் இது நிலைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2007-இலேயே 70 வரிசையில் இதன் இடத்துக்கு வி8 டீசல் வந்தது. நகரத்துக் காற்றை நினைத்தால் விதி தேவைதான். ஆனால், உயிர் போனது என்று நீங்கள் எழுதியது எந்த எஞ்சினுக்குப் பொருந்தும்? பட்டறையே இல்லாத ஊரிலும் கழற்றி மாட்டிவிடக்கூடிய எஞ்சின், புது மாடல் பட்டியலிலிருந்து மெல்ல விலகுகிறதே, அதற்குத்தான் பொருந்தும்.

பெரிய எஸ்யூவிகளின் எஞ்சின்களை அடுத்த முறை ஒப்பிடும்போது குதிரைத்திறனோடு இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்துப் போடுங்கள்: எந்தத் தர டீசல் அதற்கு வேண்டும், கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் அதில் எவ்வளவு வேலை பார்க்கலாம். பழைய வண்டி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு முதலில் தேவைப்படுவது இவைதான்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக்,
நாமக்கல்